பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

நாவல் எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது; எழுதுகிறேன். வைத்தியம் தெரிந்தவன் என்ற உரிமையில் அல்ல. தப்பான வைத்தியத்துக்குக் காசு கொடுத்தவன் என்ற உரிமையில். அதைவிட முக்கியமாக, குற்றம் செய்யாத ஒருவனைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னவன் என்ற வெட்கத்தில்.

விஷயம் இதுதான். ஒரு வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதி வந்தேன். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் நடக்கிற கதை. கதாநாயகி இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். பன்னிரண்டாவது அத்தியாயத்தின் முடிவில் அவள் கிணற்றடிக்குத் தண்ணீர் சேந்த வருகிறாள். அவளை மறுமணம் செய்துகொள்ள விரும்பும் பள்ளிக்கூட வாத்தியார் எதிரே வருகிறார். “அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள்” என்று எழுதி அத்தியாயத்தை முடித்தேன். பத்திரிகையில் வெளிவந்தது என்ன தெரியுமா? “அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள்.” அதன் கீழே, கொட்டை எழுத்தில், “தொடரும்”.

வாசகர்கள் சும்மா இருப்பார்களா? ஈரோட்டு அம்மாள் ஒருவர், இவ்வளவு நல்ல பெண்ணை இப்படிச் செய்துவிட்டீர்களே என்று அழாத குறையாக எழுதினார். ஒரு பெரியவர், குடும்பப் பத்திரிகையில் இதெல்லாம் வேண்டுமா என்று கேட்டார். ஓர் இளைஞர் என் துணிச்சலைப் பாராட்டியிருந்தார். அந்தப் பாராட்டுத்தான் என்னை அதிகம் வதைத்தது.

பத்திரிகை ஆபீஸின் மேல் பழி போடலாம் என்ற ஆசையோடு என் கம்ப்யூட்டரில் இருந்த மூலத்தைத் திறந்து பார்த்தேன். அதிலேயே வயிறுதான் இருந்தது!

அந்தக் கம்ப்யூட்டர் அதற்குள் மூன்று மாதமாக என்னை ஆட்டி வைத்துக்கொண்டிருந்தது. நாலு வரி எழுதுவதற்குள் திரை நீலமாகும். அதில் ஏதோ ஆங்கில வாசகம் வரும். யந்திரம் தானாக அணைந்து தானாக எழுந்திருக்கும். ஒரு நாள் வந்த வாசகம் மறுநாள் வராது. காந்திபுரத்தில் ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைப் பையன் பத்து நிமிஷம் பார்த்தான். “வைரஸுங்க சார். பார்மட் போட்டுட்டா எல்லாஞ் செரியாயிருமுங்க” என்றான். போட்டான். சரியாகவில்லை. மறுபடியும் போட்டான். பிறகு டிஸ்க் போய்விட்டது என்று புது டிஸ்க் மாற்றினான். அதற்கும் பிறகு, “போர்டு போயிருச்சுங்க. பழைய மிசினுங்க. புதுசு வாங்கிக்கறதுதானுங்க நல்லது” என்றான். இதற்குள் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் என் பையிலிருந்து போயிருந்தது.

வைரஸ் என்று அவன் சொன்ன வார்த்தை என் மனத்தில் முள்ளாகத் தைத்திருந்தது. வைரஸ் என்றால் யாராவது கொண்டுவந்திருக்க வேண்டும் அல்லவா? யார்? என் தங்கை மகன் எஞ்சினீயரிங் கல்லூரி ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்தால் என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏதாவது விளையாடுவான். கயிறு வயிறான அன்று, இது அவன் செய்த விஷமம் என்று தீர்மானித்துவிட்டேன். கதை எழுதுகிறவன் அல்லவா? குற்றத்துக்கு ஒரு காரணத்தைக் கற்பிப்பது எனக்கு ஒரு நிமிஷ வேலை. வீட்டில் நாலு பேர் எதிரில் அவனைக் கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதையான வார்த்தை, திட்டினேன். “நான் ஒண்ணுமே பண்ணலீங்க மாமா” என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

எங்கள் தெருக்கோடியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டரைத் தொட்டு அறியாதவர். ஒரு நாள் மாலை அவரிடம் என் புலம்பலைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

“மோட்டாரு ஓடலைன்னா காயில் போயிருச்சுன்னுதானுங்க எல்லாரும் தூக்கிட்டு வருவாங்க. நான் மொதல்ல கரண்டு செரியா வருதான்னு பாப்பேன். அப்பறம் ஸ்டார்ட்டரு. அப்பறம் கெபாசிட்டரு, பேரிங்கு. காயிலைப் பிரிக்கறது கடைசீலதானுங்க. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தோணும். ரெண்டை ஒண்ணா மாத்திப்போட்டா, எதுனால செரியாச்சுன்னு சாமிக்குக்கூடத் தெரியாதுங்க.”

இந்த நாலு வாக்கியத்துக்காக நான் அவருக்கு நாலாயிரம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். யந்திரம் அடிக்கடி விழுகிறது என்றால் காரணம் பலவாக இருக்கலாம். கடினமான வேலை கொடுத்துச் சிறிது நேரம் சென்ற பிறகே விழுந்தால், சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். விசிறியில் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கும். பஞ்சாலை ஊரில் இதற்குப் பஞ்சமா? எந்த வாசகமும் காட்டாமல் விளக்கை அணைத்தாற்போல் போய்விட்டால், மின்சாரம் கொடுக்கும் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். குறிப்பிட்ட பைலைத் திறந்தால் மட்டும் திணறினால், டிஸ்க். இந்த மாதிரி எந்த ஒழுங்கும் இல்லாமல், இன்றைக்கு ஒரு தப்பு, நாளைக்கு வேறொரு தப்பு என்று மாறி மாறி வந்தால், அங்கே முதல் சந்தேகம் விழ வேண்டிய இடம் நினைவகம். கடைக்காரர்கள் ‘ராம்’ என்கிறார்களே, அது. திருநாமம் மட்டும்தான் அப்படி, குணம் வேறு.

இதைச் சோதிப்பதற்கு ஒரு பைசாச் செலவில்லை. விண்டோஸ் யந்திரங்களில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்ற சோதனை விஸ்டா காலத்திலிருந்து, அதாவது 2007-லிருந்து, உள்ளேயே கிடக்கிறது. இன்னும் கண்டிப்பான பரீட்சை வேண்டுமென்றால் ‘மெம்டெஸ்ட் 86 பிளஸ்’ இருக்கிறது, இலவசம். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே யந்திரத்தைக் கிளப்பினால், நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் எழுதி, திரும்பப் படித்து, எழுதியதுதான் இருக்கிறதா என்று பார்க்கும். அரைமணி பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. ஓர் இரவு முழுக்க ஓட விடவேண்டும். இந்தப் பரீட்சையில் நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினால் பாஸ் என்பதில்லை. ஒரே ஒரு தப்பு வந்தாலும் பெயில்தான்.

இரவு ஒன்பதரைக்கு ஓடவிட்டேன். பதினொன்றுக்குள் சிவப்பு வரிகள் விழத் தொடங்கின. யந்திரத்தை அணைத்து, மின் வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்னூட்டத்தைப் போக்கிக்கொண்டு, உள்ளே இருந்த இரண்டு நினைவகப் பட்டைகளையும் எடுத்தேன். ஒன்றை மட்டும் போட்டு ஓர் இரவு. மற்றதை மட்டும் அதே துவாரத்தில் போட்டு ஓர் இரவு. முதலாவது பழுதில்லாமல் தேறியது. இரண்டாவதில் சிவப்பு. இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி: குற்றம் பட்டையிலா, துவாரத்திலா? நல்ல பட்டையை மற்றத் துவாரத்திலும் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் தேறியது. முனைகளில் அழுக்கிருக்குமோ என்று கெட்ட பட்டையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து மறுபடி போட்டேன். மறுபடி சிவப்பு. ஆக, குற்றவாளி அகப்பட்டான். விரலளவு நீளமுள்ள ஒரு பச்சைப் பட்டை. வைரஸ் இல்லை, டிஸ்க் இல்லை, போர்டு இல்லை. என் மருமகனும் இல்லை.

கயிறு எப்படி வயிறாயிற்று என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். உலகத்து மொழிகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கும் யூனிகோட் முறையில் ‘க’வின் எண் 2965. ‘வ’வின் எண் 2997. வித்தியாசம் 32. பூஜ்யமும் ஒன்றுமாக எழுதும்போது இந்த 32 என்பது ஒரே ஒரு ஸ்தானம், ஒரே ஒரு பிட். பூஜ்யமாக இருக்க வேண்டிய அந்த ஓர் இடம் ஒன்றாகிவிட்டால், கடை வடையாகும், கரம் வரமாகும், கயிறு வயிறாகும், பாவம், ஒரு குணவதியின் நடத்தை சந்தி சிரிக்கும். எட்டு ஜிகாபைட் நினைவகத்தில் இப்படி ஏறத்தாழ 6,872 கோடி பிட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு துளி மின்னூட்டம். ஒழுகிக்கொண்டே இருக்கும் பானை மாதிரி. வினாடிக்குப் பதினைந்து தடவைக்குக் குறையாமல் திரும்பத் திரும்ப நிரப்பித்தான் அதைக் காப்பாற்றுகிறார்கள். 6,872 கோடிப் பானைகளில் ஒன்றிலே ஓட்டை. அந்தப் பானைக்குள் இன்றைக்கு என் கதை இருக்கும், நாளைக்கு விண்டோஸின் உயிர்நாடி இருக்கும். கதையில் விழுந்தால் எழுத்து மாறும். உயிர்நாடியில் விழுந்தால் யந்திரம் விழும். வாசகம் நாளுக்கு நாள் மாறிய மர்மம் இதுதான்.

கோபத்தோடு அந்தக் கடைக்குப் போனேன். பட்டையைப் பையன் முன்னால் வைத்தேன். ஓர் இரவு சோதித்திருந்தால் தெரிந்திருக்குமே, ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். அவன் சிறிதும் அஞ்சாமல் பதில் சொன்னான்:

“செய்யலாமுங்க சார். ராத்திரி பூரா டெஸ்ட் போட்டு, மூணு நாள் மாத்தி மாத்திப் பாத்து, ‘ஒண்ணும் வாங்க வேண்டாங்க, இதை மட்டும் கழட்டிருங்க’ன்னு சொன்னா, எனக்கு எவ்வளவுங்க குடுப்பீங்க? ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குக் காசுன்னுதானுங்க கேப்பீங்க?”

நான் வாயடைத்துப் போனேன். ஏனென்றால் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

வாசகர்களே, இந்தக் கட்டுரையில் நான் சண்டை போட வந்திருப்பது அந்தப் பையனோடு அல்ல. அவனுக்குச் சோறு போடுவது உதிரிப் பாகம். அதனால் உதிரிப் பாகத்தை விற்கிறான். நாம் பொருளுக்குக் காசு கொடுப்போம். அறிவுக்குக் கொடுக்க மாட்டோம். டாக்டர் மருந்து எழுதிக் கொடுக்காமல், “உமக்கு ஒன்றுமில்லை, போம்” என்று சொல்லி அனுப்பினால், பீஸ் தண்டம் என்று வருத்தப்படுகிற ஜாதி நாம். பரிசோதனைக்குக் கூலி கிடையாது என்று நாமே சட்டம் போட்டுவிட்டு, பரிசோதனை செய்ய ஆளில்லையே என்று அழுகிறோம்.

இதை வேறு ஊர்க்காரன் சொன்னால் போகட்டும். நாம் சொல்லலாமா? இது ஜி. டி. நாயுடுவின் ஊர். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அவர் உருவாக்கிய மோட்டாரை, இந்தியாவின் முதல் மின் மோட்டார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நம் பம்புசெட் இந்தத் தேசத்தில் பாயாத வயலில்லை. நம் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இந்தப் பெருமைகளெல்லாம் பிரித்துப் பார்த்துக் காரணம் கண்டவர்கள் சம்பாதித்துக் கொடுத்தவை. காரணம் காணாமல் ‘மாத்திருங்க’ என்று சொன்னவர்கள் சம்பாதித்தவை அல்ல.

உலகத்தில் பெரியவர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. லினக்ஸ் என்ற மகா யந்திர சாஸ்திரத்தைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸுக்கு 2022 அக்டோபரில் இதே கதி நேர்ந்தது. அவருடைய மேஜைக் கம்ப்யூட்டரில் கண்டபடி தப்புகள் வந்தன. புதிதாகச் சேர்த்த நிரலில்தான் கோளாறு என்று தேடி நேரத்தை இழந்தார். கடைசியில் பார்த்தால் ஒரு நினைவகப் பட்டை! பெல்ஜியத்தில் ஷார்பேக் என்ற இடத்தில் 2003-ஆம் வருஷத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வோட்டுகள் அதிகமாக விழுந்திருந்தன. நடக்க முடியாத கணக்காக இருந்ததால் திரும்ப எண்ணினார்கள். 4,096 என்பதும் ஒரே ஒரு பிட்டின் மதிப்பு. ஒரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்பதற்கு மேல் நிபுணர்களால் வேறு காரணம் காட்ட முடியவில்லை. யார் மேலும் பழி போடாமல் திரும்ப எண்ணினார்களே, அதைக் கவனியுங்கள்.

இன்னொன்று கேளுங்கள். 1977-ல் அனுப்பிய வாயேஜர்-1 விண்கலம் 2023 நவம்பரில் திடீரென்று பிதற்றத் தொடங்கியது. அது இருந்த தூரம் ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீட்டர். ஒரு கேள்வி போய்ச் சேர இருபத்திரண்டரை மணி. பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை மணி. அங்கே பார்மட் போட ஆள் அனுப்ப முடியுமா? போர்டு மாற்ற முடியுமா? பொறுமையாக நினைவகத்தை வாசித்து அனுப்பச் சொன்னார்கள். நூற்றுக்கு மூன்று பங்கு கெட்டிருக்கிறது, ஒரு சில்லுதான் காரணம் என்று கண்டார்கள். அங்கே இருந்த நிரலைத் துண்டு துண்டாக்கி வேறு இடங்களில் வைத்தார்கள். 2024 ஏப்ரலில் அது மறுபடி தெளிவாகப் பேசியது. அத்தனை கோடி கிலோமீட்டருக்கு அப்பால் செய்ய முடிந்த விசாரணையை நம்மால் காந்திபுரத்தில் செய்ய முடியவில்லை!

கம்பெனிக்காரர்களையும் நான் சும்மா விடுவதாக இல்லை. ஒரு பிட் புரண்டால் தானே கண்டுபிடித்துத் தானே திருத்திக்கொள்ளும் கணித முறையை ரிச்சர்ட் ஹாமிங் 1950-லேயே வெளியிட்டுவிட்டார். அறுபத்து நான்கு பிட்டுக்கு எட்டுப் பிட் அதிகம் வைத்தால் போதும். ஒரு தப்புத் திருந்தும், இரண்டு தப்பு அகப்படும். பெரிய கம்பெனிகளின் சர்வர்களில் இந்தக் காவல் உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது. புதிய டிடிஆர்-5 சில்லுகளுக்கு உள்ளே ஒரு சிறு திருத்த ஏற்பாடு இருக்கிறது. சில்லைவிட்டு வெளியே வரும் வழியில் நேரும் பிழைக்கு அது காவலல்ல. கூகிள் கம்பெனியின் சர்வர்களை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட கணக்கில், நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட பட்டைகள் வருஷத்தில் ஒரு தடவையாவது தப்புச் செய்தன என்று கண்டார்கள். அவர்களுக்கு எண்ணிப் பார்க்கக் கருவி இருந்தது, எண்ணினார்கள். நமக்குக் கருவியே வைக்கவில்லை. பாங்கிக் கணக்குக்குக் காவல் வேண்டும், பையனின் பரீட்சைக் குறிப்புக்கு வேண்டாமா? 2011 முதல் தமிழக அரசு கொடுத்த இலவச மடிக்கணினி எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டராகப் போய்ச் சேர்ந்தது. அந்த வீடுகளில் ஒரு தடவை ‘பார்மட்’ போட்டால் போவது மூன்று வருஷப் படிப்பு. அதை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

ஆகவே நான் கேட்பது மூன்று. கம்பெனிகளே, திருத்தும் நினைவகத்தைப் பணக்கார யந்திரத்தின் ஆபரணமாக வைக்காமல், எல்லா யந்திரத்துக்கும் சீட்பெல்ட் மாதிரி கொடுங்கள். ரிப்பேர்க் கடைக்காரர்களே, எதையும் அழிப்பதற்கு முன்னால், எதையும் மாற்றுவதற்கு முன்னால், என்ன சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அதற்கு நியாயமான கூலி கேளுங்கள். வாசகர்களே, கேட்கிற கூலியைக் கொடுங்கள். யந்திரம் கெட்டிருக்கும்போது பழைய பிரதிகளின் மேல் புதியதை எழுதிவிடாதீர்கள். கெட்ட நினைவகத்தின் வழியாகப் போன நகலும் கெட்டிருக்கலாம். நினைவகப் பட்டைகள் பலவற்றுக்கு ஆயுள் உத்தரவாதம் உண்டு. பில்லைத் தேடிப் பாருங்கள். என் பட்டையைக் காசில்லாமலே மாற்றிக் கொடுத்தார்கள். அந்த நாலாயிரம் போனது போனதுதான்.

கதாநாயகியின் மானத்தை அடுத்த இதழில் ஒரு பிழைதிருத்தம் போட்டுக் காப்பாற்றிவிட்டேன். மருமகன் விஷயத்தில் பிழைதிருத்தம் அவ்வளவு சுலபமாக இல்லை. ஹாஸ்டலுக்கு நேரில் போனேன். பட்டையைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். “அதனாலென்னங்க மாமா” என்றான். சிறிது நேரம் கழித்து, “அன்னிக்கே டெஸ்ட் போட்டுப் பாக்கலாம்னு சொல்லோணும்னு நெனச்சேனுங்க. நீங்க கேக்கற மாதிரி இல்லீங்க” என்றான். அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான், எல்லோரிடமும் பேசினான். கம்ப்யூட்டர் இருக்கும் அறைப் பக்கம் மட்டும் போகவில்லை.

உங்கள் வீட்டு யந்திரமும் ஒரு நாள் விழும். அன்றைக்கு யார் இதைக் கெடுத்தது என்று வீட்டாரைப் பார்த்துக் கேட்காதீர்கள். கடைக்காரரைப் பார்த்து, “சோதித்துச் சொல்ல எவ்வளவுங்க?” என்று கேளுங்கள்.